ரீவியின் பின்பக்கத்தில் இருக்கிற பெயர்

மகன், சனிக்கிழமை காலை வீட்டுப் போன் அடித்தபோது நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உன் அம்மாதான் எடுத்தாள். எடுத்தவள் என்னிடம் நீட்டினாள். மறுபக்கத்தில் ஓர் இளம் குரல். "ஐயா, ரீவி ஒண்டு விக்கக் கிடக்காம். இன்ரநெற்றில பாத்தனான்" என்றது. ஓம் என்றேன். படம் தெளிவா, ரிமோட் இருக்கிறதா என்று ஒழுங்காகத்தான் கேட்டது. கடைசியில் எங்கள் ஒழுங்கையின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொல்லி, "அங்கதானே வரவேணும்?" என்றது. தேங்காய்ப்பூ ஒட்டியிருந்த கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டேன். விளம்பரத்தில் போன் நம்பர் மட்டும்தான் போடுவேன், முகவரி போடமாட்டேன் என்று நீ சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாய். "அது உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். "படத்தில கிடக்கே ஐயா. ரீவிக்குப் பின்பக்கத்தில வடிவா எழுதியிருக்கு" என்றது குரல். ஞாயிறு காலை வருவதாகச் சொல்லி வைத்துவிட்டது.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் சொல்லுகிற கதை இல்லை இது. தபாலிலும் போட மனம் வரவில்லை. முன்வீட்டு டீச்சர் கண் காட்ட நாளைக்குக் கொழும்புக்கு வருகிறா. அவவின் கையில் கொடுத்துவிடுகிறேன். அடுத்த மாதம் நீ மருமகளோடு கட்டார் போய்விடுவாய். நாங்கள் மூன்று பேரும், அதாவது நானும் அம்மாவும் சித்தப்பாவும், நீ அங்கே வெள்ளவத்தையில் எடுத்துவைத்த இரண்டு அறைக்குள் வந்து அடங்கவேண்டும். அதற்குள் இந்த வீட்டுச் சாமான்களை விற்று முடிக்கவேண்டும். "நெற்றில போட்டா ஒரு கிழமையில எல்லாம் போயிரும் அப்பா, நீங்கள் கதிரையில இருங்கோ" என்றாய். நானும் கதிரையில்தான் இருந்தேன். அந்தப் போன் வந்தபிறகு என்னால் அதில் இருக்க ஏலவில்லை.

அன்றைக்கே நெற் கபேக்குப் போனேன். போகும்போதே பயம்தான். அங்கே ஒரு கொப்பியில் பெயரும் அடையாள அட்டை நம்பரும் எழுதவேண்டும் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கொப்பியை யார் யார் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அங்கே இருந்த பிள்ளை உன்னுடைய விளம்பரத்தைத் தேடி எடுத்துத் தந்தாள். ரீவி, பிரிட்ஜ், கொம்பியூட்டர், அம்மாவின் தையல் மெசின், அலுமாரி என்று எல்லாம் இருந்தன. உன் கலியாணத்துக்கு வந்து நின்றபோது நீ எடுத்த படங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் எங்கள் பின்கதவும் அதன் தாழ்ப்பாளும் தெரிகின்றன. அலுமாரிக் கண்ணாடிக்குள் படம் பிடிக்கிற நீயே நிற்கிறாய். மொடல் நம்பர் தெரியட்டும் என்று ரீவியைத் திருப்பிவைத்துக் கிட்டப் போய் எடுத்திருக்கிறாய். அந்த நம்பருக்கு மேலே என்னுடைய எழுத்து. கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுட்டு எழுதிய பெயர், வீட்டு இலக்கம், ஒழுங்கை, ஊர். உலகம் முழுக்க வாசிக்கிற மாதிரி அவ்வளவு தெளிவு. நான் எழுதினால் தெளிவாகத்தான் எழுதுவேன். அதுதான் என் வியாதி.

துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருடம் இருந்தவன் நான். கயிறு, இரும்பு, பெயின்ற் வாளி என்று என் கையைத் தாண்டிப் போன ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம் இருக்கும். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அதோடு இந்த ஊரில் அது அப்போது எல்லாரும் செய்த வேலை. அடிக்கடி வீட்டைப் பூட்டிவிட்டு ஓடவேண்டியிருந்தது. திரும்பி வந்தால் வீடு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிறகு ஒருநாள் உன்னுடைய மின்விசிறி இன்னொருத்தருடைய கடையில் சுற்றிக்கொண்டிருக்கும். "இது என்னுடையது" என்றால், "எழுதியிருக்கோ?" என்று கேட்பார்கள். அதனால் சனங்கள் ஆணியைக் காய்ச்சி ரேடியோவிலும் தையல் மெசினிலும் பெயர் சுட்டார்கள். நான் ஈயம் பற்றவைக்கிற கோலால் சுட்டேன். அண்டா, குண்டா, மணிக்கூடு, உன்னுடைய சாப்பாட்டுப் பெட்டி, ஒன்றையும் விடவில்லை. "உங்கட அப்பா பேர் எழுதாமல் விட்டது என்ட நெத்தியில மட்டும்தான்" என்று அம்மா வருகிற போகிற எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நீயும் சிரித்திருக்கிறாய். சித்தப்பா மட்டும் அந்தப் பகிடிக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. அதை நீ கவனித்தாயோ தெரியாது.

சித்தப்பாவுக்கு இடது காது ஏன் கேட்காது என்று சின்ன வயதில் நீ கேட்டாய். காய்ச்சல் என்றேன். கொஞ்சம் வளர்ந்தபிறகு, ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் பதினொரு மாதம் உள்ளே இருந்தவர் என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அவர் சுற்றிவளைப்பில் பிடிபடவில்லை. அவரைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். இல்லை, அதுவும் சரியில்லை. தேடி வந்தது என்னை.

நீ பிறக்க நாலு மாதம் இருந்தது. எங்களிடம் ஒரு ரேடியோ இருந்தது, கசெற் போடுகிறது, நாலு பற்றரியில் ஓடுகிறது. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக அதை விற்க நினைத்தேன். தெரிந்தவர்களிடம் விற்க வெட்கமாக இருந்தது. ரேடியோவை விற்கிற அளவுக்கு வந்துவிட்டானா என்று கதைப்பார்களே என்ற கௌரவம். அதனால் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிளோடு நின்ற, முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு விற்றேன். ஊர் திரியாய்ப் பக்கம் என்றான். பெயர் கேட்கவில்லை. அவனும் வாங்கினதற்குத் துண்டு ஒன்றும் எழுதித் தரக் கேட்கவில்லை. அது எனக்குச் சுகமாக இருந்தது. ரேடியோவின் பின்பக்கத்தில் நான் சுட்ட உன் அப்பப்பாவின் பெயரும் இந்த வீட்டு முகவரியும் கிடந்ததை நான் மறக்கவில்லை, மகன். அது இன்னும் மோசம். கிடக்கட்டும், அவனுக்கென்ன என்று நினைத்தேன். எதிலும் பெயர் எழுதத் தெரிந்த எனக்கு, கைமாறும்போது அந்தப் பெயரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூன்று மாதத்தில் அந்த ரேடியோ காட்டுக்குள் ஓர் இடத்தில் அகப்பட்டது. என்ன இடம் என்று எழுதமாட்டேன், உனக்கு விளங்கும். வந்தவர்கள் யார் என்றும் எழுதமாட்டேன். நான் வேலையில் நின்றேன். படலையைத் திறந்தது சித்தப்பா. ரேடியோவைத் திருப்பிக் காட்டி, இந்தப் பெயர் யாருடையது என்று கேட்டார்கள். "எங்கட அப்பாவின்ட" என்றார். எழுதினது யார் என்றார்கள். அம்மா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான்தான் எழுதினனான்" என்றாராம். அவருடைய கையெழுத்தைப் பார்த்திருப்பாய்தானே. கோழி கிளறினது மாதிரி இருக்கும். அந்தத் தெளிவான எழுத்தைத் தன்னுடையது என்று சொல்லி ஏறிப் போனார். அப்போது அவருக்கு இருபத்திநாலு வயது. ஒரு பெண் பார்த்து வைத்திருந்தோம்.

இதுவரைக்கும் அம்மாவுக்கும் தெரியும். இனி எழுதப்போவது இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளுக்கும் தெரியாது. மூன்றாம் நாள் நான் முகாம் வாசலுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "அந்த ரேடியோவைப் பற்றி உங்களுக்கு ஏதும் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அது உங்களுடையதா என்றார். இல்லை என்றேன். நிறைமாத வயிற்றோடு அம்மா வீட்டில் இருக்கிறாள், நானும் உள்ளே போனால் யார் பார்ப்பது என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையான காரணம்தான். ஆனால் அந்த "இல்லை" வாயிலிருந்து வந்தபோது உன்னையும் அம்மாவையும் நான் நினைக்கவில்லை. பயத்தில் வந்தது. உங்களை நினைத்தது முகாம் வாசலுக்கு வெளியே வந்தபிறகுதான். பதினொரு மாதத்துக்குப் பிறகு சித்தப்பா வந்தார். நீ அப்போது குப்புறப் புரண்டு, இருந்து, தவழுகிற பிள்ளை. உன்னைத் தூக்கி வலது தோளில் சாய்த்துக்கொண்டார். ரேடியோவைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பார்த்து வைத்திருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்திருந்தது.

ஏன் எப்போதும் சித்தப்பாதான் படலையைத் திறக்கப் போகிறார் என்று ஒருமுறை கேட்டாய், நினைவிருக்கிறதா? வாகனச் சத்தம் கேட்டால் போதும், சோற்றுக் கையோடும் எழும்பிப் போவார். அவருக்கு அது பிடிக்கும் என்று சொன்னேன். வெட்கம் கெட்ட பதில்.

நெற் கபேயிலிருந்து வந்ததும் மண்தாளை எடுத்து ரீவியின் முதுகைத் தேய்க்கத் தொடங்கினேன். எழுத்து ஆழமாக இறங்கியிருந்தது. அரை மணித்தியாலம் தேய்த்தும் வீட்டு இலக்கத்தின் முதல் எண்கூட மங்கவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டுத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டாள், அதையும் தேய்த்துவிடுவேனோ என்று. சித்தப்பா வந்து என் கையிலிருந்த தாளை வாங்கினார். "அண்ணை, பேர் கிடந்தா ஆரெண்டு கேப்பாங்கள். சுரண்டிக் கிடந்தா எங்க களவெடுத்ததெண்டு கேப்பாங்கள். எதுக்கும் கேப்பாங்கள்தானே" என்றார். எழுதினாலும் பயம், அழித்தாலும் பயம் என்று இத்தனை வருடம் கழித்து அவரிடம்தான் படித்தேன். "அப்ப என்னதான் செய்யிறது?" என்று கத்தினேன். அவர் கேட்காத காதைக் காட்டிக்கொண்டு போய்விட்டார். வேண்டாத கதைக்கு அந்தக் காதைத்தான் காட்டுவார்.

எங்கே விற்பது என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். நீ சொல்லுகிற இணையத்தில் வாங்குகிறவன் என் வீட்டுப் பின்கதவு வரைக்கும் பார்க்கிறான், நான் அவனுடைய முகத்தைக்கூடப் பார்க்க ஏலாது. சந்தையடிக் கடையில் விளம்பரத் துண்டு ஒட்டலாம். ஒட்டினால் அந்திக்குள் ஊரே கேட்கும், ஏன் போறியள், எங்க போறியள், வீட்டை என்ன செய்யப்போறியள் என்று. அந்தக் கேள்விகளைக் கேட்கிற எல்லாரும் நமக்காகக் கவலைப்பட்டுக் கேட்கிறவர்கள் இல்லை. கடைசியில் கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வருகிற ஹனீபா நானாவைக் கூப்பிட்டேன். பழைய சாமான் வாங்குகிறவர், எனக்கு வேலைக்காலத்திலிருந்து பழக்கம். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரும் எத்தனை தரம் வீட்டை விட்டுப் போய் வந்தவர். பிரிட்ஜையும் அலுமாரியையும் தடவிப் பார்த்து எடுத்துக்கொண்டார். கொம்பியூட்டரைக் காட்டினேன். இரண்டு அடி பின்னால் போனார். "பிரிட்ஜ் எண்டாத் திறந்து பாத்தா உள்ளுக்கு ஒண்டுமில்லை எண்டு தெரியும் ஐயா. இதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு எனக்கும் தெரியாது, கேக்கிறவனுக்கும் தெரியாது. அதை விடுங்கோ" என்றார்.

ஆக, உனக்கு நான் சொல்லுவது இதுதான். இணையத்தில் விற்காதே என்று சொல்லமாட்டேன், நீ போகிற ஊரிலும் நாளைக்கு வீடு மாறுவாய், சாமான் விற்பாய், அங்கே அதுதான் வழி என்றால் அதுதான். ஆனால் கெதியாக விலைப்படும் இடம் எது என்று முதலில் பார்க்காதே. வாங்குகிறவன் நாளைக்கு உன் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கக்கூடிய இடம் எது என்று பார். படம் எடுத்தால் சாமானை மட்டும் எடு, சுவரைக் காட்டாதே, கதவைக் காட்டாதே. வீட்டுக்கு வரச் சொல்லாமல் நாலு பேர் போய்வருகிற இடத்தில் வைத்துக் கொடு. கொம்பியூட்டரை விற்றால் உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க் தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் விற்றுவிடு. அதற்குள் உன் கலியாணப் படங்களும் கூட்டாளிமாரின் முகங்களும் கடிதங்களும் இருக்கின்றன. அழித்துவிட்டேன் என்பாய். நானும் மண்தாளால் தேய்த்துப் பார்த்தவன்தான். எங்கள் கொம்பியூட்டரின் தட்டைக் கழற்றி டீச்சரிடம் கொடுத்துவிட நினைத்தேன். வழியில் மறித்துப் பையைத் திறந்து பார்த்தால் அவ என்ன பதில் சொல்லுவா? அதனால் இங்கேயே வைத்திருக்கிறேன், எங்கே என்று எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரலுக்குரியவன் வந்தான். வாகனச் சத்தம் கேட்டதும் வழமைபோலச் சித்தப்பாதான் படலைக்குப் போனார். நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். வந்தது ஒரு மெலிந்த பிள்ளை, தம்பலகாமத்திலிருந்து ஆட்டோவில் வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞர் வேலை, தங்கச்சியின் கலியாணத்துக்கு ரீவி வேண்டுமாம். கதிரையின் நுனியில் இருந்தான். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். அவன் என்னைவிடப் பயந்திருக்கிறான் என்று மெதுமெதுவாகத்தான் எனக்கு விளங்கியது. ரீவியைப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினான். பிறகு எழும்பி நின்று, "ஐயா, குறை நினைக்கக்கூடாது. பின்னுக்கு உங்கட பேர் கிடக்கு. வழியில மூண்டு இடத்தில மறிப்பாங்கள். நான் வாங்கினனான் எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ. ஐசி நம்பரும் வேணும். அதுக்குத்தான் நான் நெற்றில பேர் கிடந்த சாமானாப் பாத்து வந்தனான்" என்றான். என்னை நடுங்க வைத்த அந்தப் பெயரை நம்பித்தான் அந்தப் பிள்ளை வந்திருக்கிறான், மகன்.

கடதாசியும் பேனாவும் எடுத்தேன். ரீவியின் மொடல், தொடர் இலக்கம், வாங்குபவரின் பெயர், அவருடைய அடையாள அட்டை எல்லாவற்றையும் களஞ்சியத்தில் எழுதுகிற மாதிரி வரிசையாக எழுதினேன். விற்பவர் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. அந்தத் துண்டு மூன்று இடத்தில் விரியும், யார் யாரோ வாசிப்பார்கள், நாளைக்கு அந்த ரீவி எங்கே போய் நிற்குமோ என்று எல்லாம் ஓடியது. அறுபத்திரண்டு வயதிலும் அதே பயம். எனக்குப் பக்கத்தில் நின்ற சித்தப்பா குனிந்து பார்த்தார். "அண்ணை, என்ட பேரைப் போடுங்கோ. எனக்குப் பழக்கம்தானே" என்றார்.

குத்திக் காட்டினார் என்று நினைக்காதே. முகத்தில் அப்படி ஒன்றுமில்லை. தண்ணீர் எடுத்துத் தரட்டுமா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க ஏலவில்லை. உள்ளே அம்மாவின் தையல் மெசின் நின்றுவிட்டது. விற்பவர் என்ற இடத்தில் என் முழுப்பெயரையும் எழுதினேன். என் அடையாள அட்டை நம்பரை எழுதினேன், கையெழுத்து வைத்தேன். அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே சித்தப்பாவைப் பார்த்து, "தம்பி, அந்த ரேடியோவை வித்தது நான். முகாமில கேட்டவங்கள். என்ட இல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். சித்தப்பா குனிந்து ரீவியின் வயரைச் சுற்றினார். "தெரியும் அண்ணை. அவங்கள் எனக்குச் சொன்னவங்கள்" என்றார். பிறகு, "அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ, பாரம்" என்றார். இரண்டு பேருமாக ரீவியைத் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் வைத்தோம்.

பதினொரு மாதமும், அதற்குப் பிறகு இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் படலையைத் திறக்கப் போயிருக்கிறார். இதை வாசித்துவிட்டுக் கிழித்துப்போடு என்று எழுதத்தான் நினைத்தேன். வேண்டாம், வைத்திரு. விளம்பரத்தை இன்றைக்கே எடுத்துவிடு. விமானம் ஏற முன்னம் சித்தப்பாவுடன் ஒருமுறை போனில் கதை, வலது காதில் வைக்கச் சொல்லு. என்னை மன்னிக்கச் சொல்லி அவரிடம் கேட்டுத் தராதே, அது என்னுடைய வேலை.

அந்தப் பிள்ளை சுகமாகப் போய்ச் சேர்ந்ததாகப் போன் பண்ணினான். ஆனாலும் மனம் அடங்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் ஒழுங்கைக்குள் ஏதோ ஒரு வாகனம் திரும்பியது. சித்தப்பா எழும்பினார். நான் அவருடைய தோளைப் பிடித்து இருத்திவிட்டு, படலைக்கு நான் போனேன்.